ஸ்விட்ச் போர்டுக்குள் எழுதிய தேதிகள்

என் குறிப்பேட்டில் ஒரு புதன்கிழமைக்கு நேரே இப்படி இருக்கிறது: "காலை பத்து. மழை இல்லை. ஒயரிங் பாய் படிவத்தோடு வந்தார். எல்லாம் சரி, அனுபவச் சான்று இல்லை." வருடம் எழுதவில்லை. முந்தைய பக்கத்தில், வெள்ளத்தில் ஊறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த குறிப்பு இருப்பதால், பெருவெள்ளத்துக்கு அடுத்த கோடை என்று கொள்கிறேன்.

பாய் அனகாபுத்தூர்க்காரர். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஒயரிங் செய்தவர் அவர்தான். தெருவில் யாருக்காவது படிவம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் மாதச் சம்பளத்துக்கு எலெக்ட்ரீஷியன் தேவைப்பட்டார். வேலை தெரியுமா என்று அவர்கள் கேட்கவில்லை. அரசு தரும் கம்பியாள் உதவியாளர், அதாவது வயர்மேன் ஹெல்ப்பர், சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். தேர்வு எழுத, இத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருவர் எழுதித் தர வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அந்த மாத முடிவு.

தேர்வுக் கட்டணம் பெரிய தொகை இல்லை. செலவு வேறு இடத்தில் இருந்தது.

"ஒரு மாசம் சும்மா வேல செஞ்சாத்தான் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போடுவாராம் சார்," என்றார் பாய்.

"அவர்கிட்ட எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"ஒம்போது. அது அவருக்கும் நல்லா ஞாபகம் கீது. பேனாதான் எழ மாட்டேங்குது."

கூட வந்திருந்த பாயின் மனைவி விடவில்லை. "ஒரு மாசம் சும்மா போயிட்டா வூட்ல இன்னா பண்றது? கரண்ட்டயா வறுத்துத் துன்றது? கேளுங்க சார்."

பழைய கூலிச் சீட்டுகள் எல்லாம் அடையாற்று வெள்ளத்தோடு போய்விட்டன. வேறு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டபோதுதான் அந்த வழக்கத்தைச் சொன்னார். வேலை முடிந்ததும் ஸ்விட்ச் போர்டு மூடியின் உள்பக்கம் பென்சிலால் மாதமும் வருடமும் எழுதிவிடுவார். ஒரு வருடத்துக்குள் ஏதாவது பழுதானால் கூலி வாங்காமல் சரிசெய்து கொடுப்பார். அதில் பின்னால் சண்டை வரக் கூடாது என்பதற்காகத்தான் தேதி.

அவற்றைப் போய்ப் படித்துவிடுவோம் என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து சுற்றினேன். அவர் மூடியைக் கழற்றுவார், நான் தேதியை எழுதிக்கொள்வேன், வேலை செய்தவர் இவர்தான் என்று வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடுவார்கள். மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு அம்மாள் எங்களைக் கண்டதும் கதவை அகலத் திறந்தார்.

"நல்லவேளை வந்தீங்க பாய். ஃபேன் ரெகுலேட்டர் ஒரு வாரமா வேலை செய்யல."

"அது போட்டு ரொம்ப நாளாச்சுக்கா."

நான் மூடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பதினோரு மாசம்தான் ஆகுது," என்றேன்.

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், நீங்க யார் பக்கம்?"

ரெகுலேட்டரைச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆனது. அந்த அம்மாள் மோர் கொடுத்தார், கையெழுத்தும் போட்டார்.

முப்பத்தெட்டு வீடுகள் சேர்ந்தன. பட்டியலைத் தேதி வரிசையில் படியெடுத்து, மேற்குத் தாம்பரத்தில் மாடியில் இருந்த கான்ட்ராக்டரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம். அனுபவத்துக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று கேட்பதுதான் என் எண்ணம். நான் யோசிக்காத ஒன்று இருந்தது. அந்த வீடுகளில் பலவற்றுக்கு மின் இணைப்பு வாங்கியபோது, ஒயரிங்கை நேரில் பார்த்தேன் என்று காகிதத்தில் கையெழுத்திட்டவர் இதே கான்ட்ராக்டர். அந்த வாசல்களை அவர் மிதித்ததே இல்லை. சான்றிதழ் இல்லாத ஒருவர் செய்த வேலை என்று வீட்டுக்காரர்களே கையெழுத்திட்ட இந்தப் பட்டியல் மேலே போனால், அவர் லைசென்ஸுக்கே ஆபத்து.

இரண்டாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"சார் எந்த டிபார்ட்மென்ட்?"

"ரிட்டயர்டு," என்றேன். அது உண்மைதான்.

"இந்த லிஸ்ட் எங்க போகுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் முந்திக்கொண்டார். "அது நீங்க சொல்றதுல கீது அண்ணா."

லெட்டர்பேடு வந்தது. பிறகு டீ வந்தது. ஒன்பது வருடம் என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். சும்மா வேலை பற்றிய பேச்சே எழவில்லை.

படியில் இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மிரட்டியது போல ஆகிவிட்டதே என்றேன்.

"நாம இன்னா சார் சொன்னோம்? தேதி படிச்சோம், அவ்ளோதான்."

பாய் தேர்வில் தேறினார், பொத்தேரி வேலையும் கிடைத்தது. எனக்கு அந்த ஞாயிறுகள்தான் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. வெயிலில் காய்ந்த மொபெட் சீட், ஒவ்வொரு மூடிக்குள்ளிருந்தும் கொட்டிய செம்மண் தூசி, தன் பென்சில் எழுத்தைக் கண்டதும் அவர் அரை நொடி நின்றுவிடும் விதம். அந்த வீடுகளில் சில இன்று இல்லை. இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

அந்தக் கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு சான்றுக்காக யாரையும் சும்மா வேலை வாங்குவதில்லை என்று அனகாபுத்தூரில் இரண்டு பேர் சொன்னார்கள். பாயும் அப்படித்தான் நம்புகிறார். அந்தக் கான்ட்ராக்டரிடம் சான்று வாங்கிய வேறு எவரையும் நான் நேரில் விசாரித்ததில்லை. ஆகவே இது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.