ஒருநாள் ஸ்டூல்

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், காட்டன் சேலைப் பிரிவில், இசக்கியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஏதோ கொஞ்ச நேரம் அல்ல. கல்யாணமாகித் தென்காசிப் பக்கமிருந்து வந்த காலத்திலிருந்தே, கடை திறந்தது முதல் ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டுதான் இருந்தாள். கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. சாப்பாட்டு நேரம் மட்டும்தான் அந்தக் கால்களுக்கு ஓய்வு.

முதலாளி அண்ணாச்சியும் அதே ஊர்ப்பக்கம்தான். வேலையாட்கள் உட்கார்ந்தால் கடையில் லட்சுமி தங்கமாட்டாள் என்பது அவர் கொள்கை. அவர் மட்டும் கல்லாவில் மெத்தை போட்டு உட்கார்ந்திருப்பார். அவரைக் கண்டால் மட்டும் லட்சுமிக்குக் கோபமே வராது போலிருக்கிறது! கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டுமென்று அரசாங்கம் சட்டம் போட்டு வருஷங்கள் ஆகின்றன. அந்தச் சட்டத்துக்கு மாடியேறத் தெரியவில்லை.

ஒருநாள் காலையில் சூப்பர்வைசர் வெள்ளைச்சாமி ஆளுக்கொரு புது ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"லேபர் ஆபீசர் வாராரு. எல்லாரும் உக்காந்து சிரிச்ச முகமா இருங்க. அந்த பிளாஸ்டிக் உறையப் பிரிச்சிராதீங்க. சாயந்திரம் ஸ்டூல் கடைக்காரன்ட்ட திருப்பிக் குடுக்கணும்."

இசக்கியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கால் கடுக்க நின்றதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அந்த வலியே இல்லையென்று அவள் உடம்பை வைத்தே சாட்சி சொல்லவைக்கிறார்களே, என்ன மனுஷர்கள் இவர்கள்! எதிர்த்தால் வேலை போகும், மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் நிற்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

அதிகாரி வந்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"ஏம்மா, ஸ்டூல்தான் இருக்கே, உக்காரலாம்ல?" என்றார் அவர்.

அண்ணாச்சி முந்திக்கொண்டார். "அது நின்னே பழகிருச்சு சார்."

"பழகல சார்," என்றாள் இசக்கியம்மாள். "இந்த ஸ்டூலு இன்னைக்கு மட்டும்தான். நாளைக்கும் இருந்துச்சுன்னா உக்காருதேன்."

அதிகாரி குனிந்து பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அண்ணாச்சியைத் தனியே அழைத்துப் போனார். அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த அண்ணாச்சியின் முகம் கொதித்தது.

"ஊர்க்காரின்னு வேலை குடுத்தேனே! ஒங்கால்ல விழுந்து கேட்டாத்தான் உக்காருவியோ?"

"கால்ல விழ வேண்டாம் அண்ணாச்சி. எங்களுக்கும் கால் வலிக்கும்னு ஒத்துக்கிட்டாப் போதும்."

"நாளையிலேருந்து வராத."

அடுத்த வாரம் ராயப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுப் போனாள். மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்: "இங்க குந்திக்கினுலாம் வேலை பாக்க முடியாதும்மா."

"சரி. ஆபீசர் வந்து கேட்டாலும் இதையே சொல்லுவீகளா?"

மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.