ஈரக் கைக்குட்டை சுற்றிய டப்பா

எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் நான் பாங்கோஸ் வாசித்த மெல்லிசைக் குழுவுக்குக் கிட்டார் வாசிக்க ஓர் அம்மாள் வந்தார். எல்லாருக்கும் அவர் கிட்டார்காரம்மாதான். ஒடிசலான உருவம், மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச்.

குழுத்தலைவர்தான் பாடகர். மேடைதோறும் கிட்டார் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்வார். அந்த அம்மாள் பழைய ரேடியோவிலிருந்து ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைக் கழற்றி, தகர டப்பாவுக்குள் பற்றவைத்து, காலால் அமுக்கிச் சத்தத்தைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். சூடேறினால் அது கரகரக்கும் என்று டப்பாமேல் எப்போதும் ஈரக் கைக்குட்டை சுற்றியிருப்பார்.

"மெல்லிசான மேல்தந்தி மட்டும் கேட்டா போதாதாம்மா?" என்றார் தலைவர்.

"தடிமனான அடித்தந்தியும் கேக்கணுங்க. நீங்க குறைக்கக் குறைக்க நான் கூட்டுவேன்."

கிளிஞ்சல்மேட்டுத் திருவிழாவில், பாட்டின் நடுவே, விளக்குச் சூட்டில் கைக்குட்டை காய்ந்துவிட்டது. மேடையில் இருந்த தண்ணீர் தலைவரின் டம்ளரில்தான். அந்த அம்மாள் எழுந்துபோய் அதை எடுத்துக் கைக்குட்டைமேல் ஊற்றிவிட்டு, காலால் அமுக்கினார். கடற்கரையில் கிடந்த படகுகள் வரை அடித்தந்தி அதிர்ந்தது. தலைவர் வறண்ட தொண்டையோடு பாடி முடித்தார்.

பாட்டு முடியும்வரை கிட்டார்காரம்மாவுக்குத் துணையாக நானும் பாங்கோஸை ஓங்கித் தட்டினேன். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பவே இல்லை. என் துணையை அவர் கேட்கவும் இல்லையே.