பக்கத்து நாற்காலியில் ஒரு துண்டு

சேலத்துக்குக் குடிவந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் பதினாறு வருடம் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றிக்கொண்டிருந்தேன். போர்வெல் போடுகிறவனுக்கு ஞாயிறும் செவ்வாயும் ஒன்றுதான். தண்ணீர் வந்தால் நல்ல நாள், புகை மட்டும் வந்தால் கெட்ட நாள். எத்தனையோ ஊர்களில் தரைக்கடியில் தண்ணீர் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறேன். தரைக்கு மேலே எனக்கு ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்க எங்கள் திருச்செங்கோட்டுக் கல்யாணத் தரகர் பத்து வருடம் அலைந்தார். கடைசியில் என் ஜாதகத்தை நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"உங்க தொழில் பாசையிலயே சொல்றனுங்க தம்பி. டிரை போரு."

தண்ணீர் வராத குழிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கும் நாற்பத்தைந்து முடிந்தது.

இப்போது ரிக் உதிரிபாகக் கடை ஒன்றில் மேனேஜர். ஐந்து ரோடு சந்திப்புக்குப் பின்னால் மாடியில் ஒற்றை அறை. வாரநாட்களில் கடை இருக்கிறது, கத்துவதற்கு ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் மின்விசிறியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஊருக்குப் போகலாம், பக்கம்தான். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கியதுமே டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள்: "ஏனுங்க, ஏதாச்சும் அமஞ்சுதுங்களா?" டீ ஆறுவதற்குள் நாலு பேர் கேட்பார்கள்.

நகரத்தில் அந்தத் தொல்லை இல்லை. அதனால் கலையை வளர்க்கப் புறப்பட்டேன். பட்டிமன்றம், பாட்டுக் கச்சேரி, மேஜிக் ஷோ, பொருட்காட்சி, நாய்க் கண்காட்சி, எதையும் விடவில்லை. அழைப்பே இல்லாமல் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போனேன். பெண்ணின் தாய்மாமன் என்று நினைத்து என்னைப் போட்டோவில் நிற்கவைத்து, சாப்பாடும் போட்டு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்து ஆல்பத்தில் நான் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். நான் யாரென்று அங்கே ஒரு சண்டைகூட நடந்திருக்கலாம்.

நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டால் சிரமமில்லை. அதற்கு முந்தின அரைமணி நேரம்தான் பாடு. சுற்றிலும் எல்லாரும் தங்கள் ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நான் மேடைத் திரைச்சீலையின் மடிப்புகளை எண்ணுவேன். இன்னொன்றையும் கவனித்தேன். சிரிப்பு வந்தால் யாரும் மேடையைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எனக்குத் திரும்ப ஆளில்லை. மேடையையே பார்த்துச் சிரிப்பேன். ஒரு பட்டிமன்றப் பேச்சாளர் என்னைத் தன் பரம ரசிகன் என்று நினைத்து, கீழே இறங்கிவந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்து வளர்ந்தவன் நான். அதே வேலையை அரங்கத்திலும் செய்தேன். குமாரபாளையத்துத் துண்டு ஒன்று, பச்சைக் கரை போட்டது. அதைப் பக்கத்து நாற்காலியில் விரித்துவிட்டால் போதும். நான் தனியாள் இல்லை, யாருக்காகவோ காத்திருக்கிற ஆள். அவ்வப்போது வாசலைப் பார்ப்பேன், கைபேசியைப் பார்ப்பேன், "ச்சு" கொட்டுவேன். யாராவது "ஆள் வருதுங்களா?" என்று கேட்டால், "இப்ப வந்துருவாங்க" என்பேன். அரங்கம் எப்படியும் பாதி காலியாகத்தான் இருக்கும். யாருக்கும் நட்டமில்லை.

ஒரு ஞாயிறு மாலை மட்டும் அப்படி இல்லை. நின்றபடி ஜோக் சொல்லும் நிகழ்ச்சி. அரங்கம் நிரம்பி வழிந்தது. எல்லாம் இளசுகள், ஜோடி ஜோடியாக. மூன்றாவது வரிசையில் நானும் என் துண்டும். மேடைக்கு வந்த பையனுக்குக் கண் கூர்மை. பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டான்.

"அண்ணா, துண்டுக்குத் தனி டிக்கெட்டா?"

எல்லாத் தலைகளும் திரும்பின. யாருமில்லை என்று சொல்லித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"சம்சாரத்துக்குங்க. வந்துட்டே இருக்காங்க."

"எங்க வந்துட்டு இருக்காங்க?"

"வெளிய கார் நிறுத்த எடம் தேடறாங்க."

"அக்கா வெயில்ல கார் நிறுத்துறாங்க, நீங்க ஏசியில உக்காந்துட்டீங்களா?"

"எனக்கு ரிவர்ஸ் வராதுங்க."

அரங்கம் அதிர்ந்தது. பதினாறு வருடம் பத்துச் சக்கர ரிக் லாரியைக் கரும்புக்காட்டு வரப்பில் பின்னால் எடுத்தவன் சொன்ன வார்த்தை அது.

அதற்குப் பிறகு அவன் விடவில்லை. ரெண்டு ஜோக்குக்கு ஒரு தடவை "அக்கா வந்தாச்சா?" என்பான். "பூ வாங்கறாங்களாமா" என்றேன். அடுத்த முறை, "சில்லறை இல்லீனு என்னைத் திட்டிட்டு இருக்காங்க" என்றேன். காசு கொடுத்து வந்த கூட்டம் என் குடும்பத்துக்குக் கைதட்டியது. இல்லாத ஒருத்திக்காக அத்தனை பேரும் வாசலைப் பார்த்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன். ஒருமுறை கதவு நிஜமாகவே திறந்தபோது நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.

வந்தவர் எங்கள் தரகர்.

வெள்ளை வேட்டி, கக்கத்தில் ஜாதகப் பை. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. சேலத்து மாப்பிள்ளை ஒருவன் எப்படிப்பட்ட சகவாசம் வைத்திருக்கிறான் என்று பெண் வீட்டார் சார்பில் வேவு பார்க்க வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் கட்டங்களை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய ஒரே மனிதர் உள்ளே வந்துவிட்டார்.

பையன் அவரைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, வெளிய கார் நிறுத்திட்டு இருக்குற ஒரு அக்காவைப் பாத்தீங்களா? இந்த அண்ணனோட சம்சாரம்!"

தரகர் அவன் கைநீட்டிய பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் என்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

"பாத்தனுங்களே," என்றார். "நல்ல அம்மணி. எடந்தான் அமைய மாட்டீங்குது. பாவம், சுத்திக்கிட்டே இருக்குது."

அன்றைக்கு அரங்கத்தில் விழுந்த பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

மீதியிருந்த ஒரே நாற்காலி என் பக்கத்தில். வந்து, துண்டை எடுத்து அழகாக மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மணி வந்தா எந்திரிச்சுக்கறனுங்க தம்பி," என்றார் காதோடு. பாதி ஜோக் அவருக்குப் புரியவில்லை. கூட்டம் சிரிக்கும்போதெல்லாம், "என்னங்க சொன்னான்?" என்று என் பக்கம் திரும்புவார். நானும் திரும்புவேன். ரெண்டு பேரும் முகத்தைப் பார்த்துச் சிரிப்போம். நடுநடுவே முன்வரிசை நீலச்சட்டையைக் காட்டி, "இந்தப் பையன் தேற மாட்டான்" என்று தான் வேவு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தலையெழுத்தையும் எழுதினார்.

வெளியே வந்ததும் ஒரு பெண் ஓடிவந்து, "அண்ணா, அக்கா எங்க?" என்றாள். "கோவிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போய்ட்டாங்க சாமி," என்றேன். சிரித்துக்கொண்டே தன் ஜோடியோடு வண்டியில் ஏறிப் போனாள்.

தரகரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். நடக்கும்போது அவர் சொன்னார்: "சாதகத்த இன்னொருக்காக் குடுங்க தம்பி. பாப்போம்."

"அது டிரை போருங்கண்ணா. நீங்களே சொன்னதுதானுங்க."

அவர் சிரிக்கவில்லை. திருச்செங்கோட்டு பஸ் வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் என் துண்டை ஜன்னல் வழியாக வீசி இடம் பிடித்தார். ஏறி உட்கார்ந்து, "வாரனுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். துண்டும் அவரோடு ஊருக்குப் போய்விட்டது.

சேலத்தில் துண்டுக்கா பஞ்சம்? வாங்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு ஒரு வீணைக் கச்சேரிக்குப் போனேன். பக்கத்து நாற்காலியை வெறுமனே விட்டேன். யாராவது வந்து "ஆள் வருதுங்களா?" என்று கேட்டால் சொல்வதற்கு, "இல்லீங்க, சும்மாதான் இருக்குது, உக்காருங்க" என்று பதிலைக்கூட அறையிலேயே நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். இருபது பேர்தான் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு வரிசை. யாரும் கேட்கவில்லை.

வாசித்த அம்மா நடுவில் எதையோ அற்புதமாக வாசித்து நிறுத்தினார். எல்லாரும் கைதட்டினோம். தட்டிக்கொண்டே நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன், பழக்கம் ஒரே வாரத்தில் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.