கெட்டிமேளம் இல்லாத முகூர்த்தம்

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். தாராவியில் எங்கள் சாலில், அதாவது ஒற்றை அறைகள் வரிசையாக உள்ள மாடிக் குடியிருப்பில், அடுத்த அறையில் குடியிருக்கும் சுப்பையாவின் மகள் சொர்ணத்துக்கு.

மேளம் கிடையாது.

ஏன் என்று பம்பாய் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன? மராட்டியர் வேலைகளைத் தெற்கத்திக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெருவுக்குத் தெரு கூட்டம் நடக்கிற நேரம். கடைக்காரர்கள் தமிழ் போர்டைக் கழற்றி உள்ளே வைக்கிறார்கள். ரேடியோவில் தமிழ்ப் பாட்டு வந்தால் என் கை தானாகப் போய்க் குறைக்கிறது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அரசியல் அவ்வளவாகப் புரியாது. பயம் நன்றாகப் புரியும்.

அதனால், சுப்பையா யோசனை கேட்டபோது நாகஸ்வரம் வேண்டாம் என்றேன். ஒரு கல் வந்து விழுந்தால்? மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வம்பானால்?

"ஒத்தப் பிள்ள அண்ணாச்சி. மேளமில்லாம தாலி கட்டுனா திருட்டுக் கல்யாணம் மாதிரில்லா இருக்கும்?" என்றார். ஆனாலும் கடைசியில் சம்மதித்தார்.

ஹாலில் ஜன்னல்களைக்கூடச் சாத்தியிருந்தோம். எங்கள் எதிர் அறை மராட்டிய அம்மாள் சாந்தாபாய் வந்திருந்தார் — சொர்ணத்தை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் மகன் வசந்த் அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறவன். எனக்கு அது வேறு கவலை.

"பாஜா கிதர்?" என்று கேட்டார். மேளம் எங்கே என்கிறார். கையை விரித்தேன்.

முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிகிறார்...

கெட்டிமேளம் எதற்கு? அந்த ஒரு நிமிஷம் கெட்ட சொல் எதுவும் காதில் விழக்கூடாது என்றுதானே? மேளமில்லை. சாத்திய ஜன்னலைத் தாண்டி, மெயின் ரோட்டில் போகிற ஊர்வலத்தின் கோஷம் தெளிவாக உள்ளே வந்தது. எங்களை ஊருக்குப் போகச் சொல்லும் கோஷம்.

சொர்ணம் பம்பாயிலேயே பிறந்தவள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும். குனிந்திருந்த தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. சுப்பையாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டங்... டங்... டங்...

திரும்பினால் — சாந்தாபாய். ஒரு கையில் பித்தளைத் தாம்பாளம், ஒரு கையில் கரண்டி. வெளியே போகிற குரல்களில் மகனின் குரலும் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியாதா? அடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் எங்கள் பெண்களுக்கு நாக்கு இருப்பது ஞாபகம் வந்தது. குலவை கிளம்பியது. அந்தச் சத்தத்துக்குள் மூன்று முடிச்சும் விழுந்தது.

அடுத்தவர் சத்தத்துக்குப் பயந்து நம் சத்தத்தை நிறுத்தினால் என்ன மிஞ்சுகிறது? அவர் சத்தம் மட்டும்தான்.

பந்தி முடிந்ததும் சாந்தாபாய் லட்டு கேட்டார். வசந்துக்காம். கத்திவிட்டு வருகிறவனுக்குப் பசிக்குமாம். சுப்பையா கை நிறைய எடுத்து அவர் முந்தானையில் வைத்தார்.

மறுநாள் மாடிப்படியில் வசந்த் எதிரே வந்தான். அவன் ஒதுங்கி எனக்கு வழி விட்டான். நான் ஒதுங்கி அவனுக்கு வழி விட்டேன்.

லட்டு சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.