புகைமாறனின் அம்மா

செம்பூர் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் வாங்கிக்கொண்டிருந்தபோது தங்கராஜிடமிருந்து போன் வந்தது. ஆட்டோ ஓட்டுகிற மனிதர், எப்போதும் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேசுவார். அன்று மெதுவாகப் பேசினார். "அண்ணாச்சி, கனி போயிட்டா." நுரையீரல் நோய் அவர் மனைவியை மாதக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? தாராவிக்குப் போய் இறங்கும்வரை அந்த வடாபாவை ஒரு கடி கடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

செல்வக்கனியைப் பழகி அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கும் 'புகைமாறன்' என்றால் நினைவு வரலாம். தமிழிலும் இந்தியிலும் வருஷக்கணக்காக வந்த காமிக்ஸ். கதை அவள், படம் நான். தீப்பிடித்த குடிசைக்குள் புகையோடு புகையாக நுழைந்து ஆட்களை மீட்கிற நாயகன் அவன். கைக்குழந்தையாக இருந்தபோது தோல் கிடங்குத் தீயில் கிடந்தவனை, இட்லி விற்கிற ஒருத்தி உள்ளே ஓடித் தூக்கி வந்து வளர்த்தாள். அவனுக்கு அப்பா கிடையாது. சக்தி எப்படி வந்தது என்பதற்கும் விளக்கம் கிடையாது. நான் கேட்டதற்கு, "ஒருத்தி தூக்குனா, அதான் வந்துது. இதுக்கு மேல என்ன காரணம் வேணும் ஒமக்கு?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

அது அவள் சொந்தக் கதைதான். தாராவியில் குடிசைகள் எரிந்த ஒரு நாளில் இசக்கியம்மாள் தூக்கி வந்த குழந்தை அவள். தேடி யாரும் வரவில்லை. பிள்ளையில்லாத விதவை, இட்லி அவித்து மாட்டுங்காவில் தெருத்தெருவாக விற்று அவளைப் படிக்க வைத்தாள். 'எங்கேயோ திருடிட்டு வந்த பிள்ளை' என்று சந்துக்குள் ஒரு முணுமுணுப்பு எப்போதும் இருந்தது. முதல் இதழ் வந்ததும் அது அடங்கியது. சந்தே இசக்கியம்மாளைப் 'புகைமாறன் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் மாவு ஊற்ற, கனி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு இதழையும் வாசித்துக் காட்டுவாள். சண்டைக் காட்சி நீண்டுவிட்டால், "போதும்ட்டீ, அவன் சாப்பிட்டானா இல்லையா?" என்று அம்மா கேட்பாளாம்.

முதல் பக்கத்தை மட்டும் கனி என்னை எத்தனையோ தடவை திரும்ப வரைய வைத்தாள். தீக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் இரண்டு கைகள் குழந்தையை எடுக்கிற படம். ஒவ்வொரு தடவையும் உதட்டைப் பிதுக்குவாள். எனக்குக் கோபம் வந்து பென்சிலை அவள் முன்னால் போட்டேன். "நீயே வரைஞ்சுக்கோ." அவள் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, இது பறிக்குத கை மாரி இருக்கு. தூக்குத கையா இருக்கணும்." விரல்களை விரித்து உள்ளங்கை மேலே தெரிகிற மாதிரி வரைந்த பிறகுதான் விட்டாள்.

பிறகு கம்பெனி கைமாறியது. புதியவர்கள் புகைமாறனை மறுபடி முதலிலிருந்து தொடங்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் இது புதிதல்ல. நாயகனைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை திரும்பப் பிறக்க வைப்பார்கள். உடை மாறும், ஊர் மாறும், செத்த வில்லன் எழுந்து வருவான். கனியே தன் வில்லனைக் கொன்று கொன்று எழுப்பியவள்தான். அதனால் அந்தேரி அலுவலகத்துக்கு நல்ல முகத்தோடுதான் வந்தாள். அங்கிருந்த இளம் எடிட்டர், "ஃபேமிலி ட்விஸ்ட் சாஹியே, தீதி" என்றார், குடும்பத்தில் ஒரு திருப்பம் வேண்டுமாம். நாயகனுக்கு ஒரு விஞ்ஞானி அப்பா. சக்தி அந்த ரத்தத்தில் வந்தது. இட்லிக்காரிதான் தீ வைத்துக் குழந்தையைத் திருடியவள். கனி சொன்னாள்: "அப்பன எத்தன பேர வேணும்னாலும் வச்சுக்கோங்க. அம்மைய மட்டும் தொடாதீங்க." எடிட்டருக்குத் தமிழ் புரியாது. நான் இந்தியில் சொன்னேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு என்ன!

புத்தகம் அவர்கள் நினைத்தபடியே வந்தது. என் முதல் பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டு விரல்களை மட்டும் மடக்கியிருந்தார்கள். தூக்குகிற கை பறிக்கிற கையாகிவிட்டது. கனி அந்த இதழை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை. ஆனால் இந்திப் பதிப்பு சந்துக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி விளையாட்டாகத்தான் கேட்டாளாம்: "ஏ புகைமாறன் அம்மா, கடைசில நீதான் திருடியாமே?"

அன்று சாயங்காலம் நானும் அந்த வீட்டில் இருந்தேன். இசக்கியம்மாள் மகளிடம் நேராகக் கேட்டாள். "அது வெறும் கதைம்மா" என்றாள் கனி. அம்மா இட்லித் துணியைப் பிழிந்து உதறிவிட்டு, "அப்போ முன்ன இருந்ததும் கதைதானட்டீ?" என்றாள். எத்தனையோ பேருக்கு வசனம் எழுதியவள், அதற்கு ஒரு வசனம் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அவள் எதுவும் எழுதவில்லை. இருமல் பிறகு வந்ததுதான். ஆனால் அவள் அன்றைக்கே பாதி போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி, அதாவது புதுச் சேலை, வர வேண்டும். அது உடல்மேல் விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். கனியைத் தூக்கும் நேரம் வந்ததும் தங்கராஜின் பெரியப்பா வழக்கப்படி குரல் கொடுத்தார்: "பொறந்த வீட்டுக் கோடி எங்கய்யா?" எல்லோரும் இசக்கியம்மாளைப் பார்த்தார்கள். அவள் மடியில் பச்சைச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. காலையில் கடை திறக்கும்வரை காத்திருந்து வாங்கி வந்திருக்கிறாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

"நான் போட்டா சரியா இருக்காதுய்யா. எடுத்துட்டு வந்தவதான நான்? அவ பொறந்த வீடு எதுன்னு எனக்கே தெரியாது."

அவளை யாரும் மறுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'நீதான் போடணும்' என்று சொல்லவும் ஒரு வாய் திறக்கவில்லை. நான்தான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். சேலையை என் கையில் வைத்தாள். "ஒன்னயத்தான அண்ணாச்சி அண்ணாச்சிம்பா. நீ போடு." போட்டேன். அவள் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கனியைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டும்வரை அந்தக் கைகள் வெளியே வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது, முதல் பக்கத்தின் அசல் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுல நான் என்ன செய்யுதேன்ய்யா?"

"தூக்குதீங்கம்மா. கனி அப்படித்தான் வரையச் சொன்னா."

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு படத்தை என்னிடமே நீட்டினாள். "நீயே வச்சுக்கோ. இங்க இருந்தா, பாக்குதவ ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு கதை சொல்லுவா."

கனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் படம்தான். செம்பூரில் என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்த்தால் போதும், அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: அது தூக்குகிற கை.