எலுமிச்சம்பழம் நசுக்கிய ஸ்போர்ட்ஸ் கார்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினோம். செஞ்சிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர். கோட்டை பார்க்க இல்லை; என் மகள் செல்வி வடிவமைத்த காரை ஓட்டிப் பார்க்க. பயந்துவிடாதீர்கள், செருப்புப் பெட்டிக்குள் அடங்கும் மாதிரி கார்தான்.

பேட்டரியிலும் பெட்ரோலிலும் ஓடப்போகும் ஹைபிரிட் ஸ்போர்ட்ஸ் கார். ஈரம் பட்டால் டயரின் ரப்பர் பல் பல்லாக விரிந்து தரையைப் பிடிக்கும். பத்தாவதோடு நின்ற எனக்கு இவ்வளவுதான் புரிந்தது, அதுவும் மூன்றாவது தடவை.

மூன்று வருடம் முன்பு, மழையில், வல்லம் வளைவில் என் மனைவியின் ஸ்கூட்டர் சறுக்கியது. இன்றும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். அன்றிலிருந்து செல்விக்கு டயர்தான் பேச்சு.

"அப்ப ஸ்கூட்டருக்கே பண்ணேம்மா" என்றேன்.

"அவ்ளோ வேகமா போற வண்டியே ஈரத்துல சறுக்காம நின்னுடுச்சின்னா, எல்லா வண்டியும் நிக்கும் நைனா."

மறுநாள் அவள் கல்லூரியில் காரைக் காட்ட வேண்டும். மேசைமேல் விரிந்த டயர் பாறைச் சரிவில் நிற்குமா என்பதுதான் கேள்வி. செஞ்சியில் இறங்கி, ஆட்டோவில் தொண்டூர் பக்கம் ஒரு வெறும் பாறைக்குப் போனோம்.

"புது வண்டியா? பழம் வெச்சீங்களா சார்?" என்றார் ஆட்டோக்காரர், பெட்டியை எட்டிப் பார்த்து, கிண்டலாக.

வைக்காமலா? வீட்டிலிருந்தே நாலு குட்டி எலுமிச்சம்பழம் கொண்டு போயிருந்தேன். செல்வி தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து, என் கையாலேயே காரை அழுத்தி நசுக்கினேன்.

பாறையில் தண்ணீர் ஊற்றி, ரிமோட்டில் ஓட்டினாள். மூன்று சக்கரம் விரிந்தது. ஒன்று விரியவில்லை. கார் சறுக்கியது. பாய்ந்து பிடித்தேன், கார் தப்பியது, என் முழங்கை தப்பவில்லை.

ரப்பர் இடுக்கில் எலுமிச்சை விதை. ஊக்கால் எடுத்தாள். எடுத்த விதையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

மறுபடி ஓட்டினாள். நாலும் விரிந்தது. தண்ணீர் வழியும் பாறையில் கார் அசையாமல் நின்றது. அவள் குனிந்து, விதை சிக்கிய இடுக்கை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இனிமே பழம் வெக்க மாட்டேம்மா."

"நீ வெக்காட்டி? வாங்கறவங்கல்லாம் வெப்பாங்க நைனா. இடுக்கதான் மாத்தணும்."

போக நினைப்பவர்களுக்கு: பாறை சுடுமுன் காலையிலேயே போய்விடுங்கள். ஆட்டோவைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், அங்கே வேறு வண்டி கிடைக்காது. கோட்டைக்குள் இந்த வேலையெல்லாம் வேண்டாம்.

திரும்பும் பஸ்ஸில் வல்லம் வளைவு வந்தது. எப்போதும் அந்த இடத்தில் செல்வி கண்ணை மூடிக்கொள்வாள். அன்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி வந்தாள்.