ஒத்திக்குப் போன முக்கால் ஏக்கர்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்து மதியம். சிம்மக்கல்லில் ஒரு மொத்த மளிகைக் கடை வாசலில் நானும் அப்பாவும் நின்றுகொண்டிருந்தோம். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். சமையல் சாமான்களுக்கு விலை விசாரிக்க வந்திருந்தோம். அப்பா துவரம்பருப்பை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்து, இது பழைய பருப்பு என்று கடைக்காரரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் என் போனுக்கு அந்தச் செய்தி வந்தது.

நான் எத்தியோப்பியாவில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். பரவையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் சின்ன ஊரில் வெளிநாடு போன முதல் ஆள் நான்தான். துபாய், சிங்கப்பூர் என்றால் ஊருக்குப் புரியும். எத்தியோப்பியா என்றதும், அங்கேயே பஞ்சமாமே, இவனுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேலி செய்தார்கள். நான் அனுப்பிய பணத்தில் எங்கள் ஓட்டு வீடு மாடி வீடானதும் கேலி நின்றுபோனது. சம்பளம் டாலரில் கிடையாது. அந்த நாட்டுப் பணத்தில்தான், அதற்குப் பிர் என்று பெயர். தங்கை கல்யாணத்துக்காகச் சேர்த்ததெல்லாம் அங்கே ஒரு பேங்கில் பிர்ராகக் கிடந்தது. டாலருக்குத் தட்டுப்பாடு என்று சொல்லி, ஊருக்கு அனுப்பக் கேட்டு நான் கொடுத்த மனுவை அவர்கள் வரிசையில் போட்டிருந்தார்கள். லீவு முடிவதற்குள் வந்துவிடும் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

செய்தி அனுப்பியது என்னோடு வேலை பார்க்கும் மலையாளி ஆசிரியர். பிர்ரின் விலையைச் சந்தையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று அரசாங்கம் கைவிட்டுவிட்டதாம். காலையிலிருந்து சரிந்துகொண்டே இருக்கிறதாம். சில வாரங்களில் என் சேமிப்பின் மதிப்பு கிட்டத்தட்ட பாதியாகப் போனது.

அன்றைக்கே டீக்கடையில் உட்கார வைத்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

"சம்பளத்தக் கொறச்சுட்டாங்களாப்பா?"

"இல்லப்பா. அதே சம்பளம்தான்."

"அப்புறம் என்ன?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பாடத்தை விளக்கியிருக்கிறேன். இதை விளக்க வார்த்தை கிடைக்காமல் தடுமாறினேன். கடைசியில், பரவை மார்க்கெட்டுக்கு நீங்கள் கொண்டுபோகும் தக்காளி போல வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி அதேதான், காயும் அதேதான், விலை மட்டும் விழுந்துவிட்டது என்றேன். அவர் முகம் உடனே மாறிவிட்டது. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் முகம் மாறியதற்குக் காரணம் இருந்தது. ஆனி மாதம் தங்கைக்குப் பூ வைத்தபோது மாப்பிள்ளை வீட்டார் எதுவுமே கேட்கவில்லை. "உங்க பிள்ளைக்கு நீங்க பாத்துச் செய்யுங்க" என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் அந்தப் பக்கத்துப் பெரியவர் சொன்னார். தலையை ஆட்டிவிட்டுத் தாம்பூலத்தை மாற்றியிருந்தால் முடிந்தது. அப்பா எழுந்து நின்று, "எம் மகன் வெளிநாட்டுல வாத்தியாரா இருக்கான். முப்பது பவுனு போட்டு அனுப்புறேன்" என்று சபைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் கோபப்படத் தோன்றவில்லை. பாதி வயதுவரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். எந்தச் சபையிலும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தவர். அன்றைக்குச் சபை அவர் பேசுவதைக் கேட்டது. எங்கள் பக்கம் சபையில் சொன்னதைப் பிறகு மாற்ற முடியாது.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. அப்பாவுக்குச் சொல்லாமல் திருநகரில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார். "நாங்க கேக்கவே இல்லையே தம்பி. இருக்குறதப் போடுங்க, போதும்" என்றார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டார். அப்படி ஒரு மனிதர் வீட்டுக்குத் தங்கை போகிறாளே என்று நினைக்க நினைக்க மனசு குளிர்ந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டார்.

"அவரு நல்ல மனுசன்தான். ஆனா அன்னைக்கு நான் சபையில சொன்னதக் கேட்டது அவரு மட்டும் இல்லையே" என்றார். பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நான் திருநகர் போன நேரத்தில் அவர் பக்கத்து வயல்காரரிடம் போயிருக்கிறார். எங்கள் முக்கால் ஏக்கரை ஒத்திக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்து முன்பணமும் வாங்கிவிட்டார். ஒத்திப் பணத்துக்கு வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் நிலத்தை உழுது பலனை எடுத்துக்கொள்வார். மொத்தப் பணத்தையும் என்றைக்குத் திருப்புகிறோமோ அன்றைக்குத்தான் நிலம் நம் கைக்கு வரும்.

அந்த முக்கால் ஏக்கர் எங்கள் வம்சத்தில் முதன்முதலாக எங்கள் பெயரில் பட்டா ஆன நிலம். அப்பாவும் அம்மாவும் ஆடு வளர்த்து, கூலிக்குப் போய், வாயைக் கட்டி வாங்கியது. ஒத்திக்குப் பிடித்தவர் பரம்பரையாக அங்கே விவசாயம் பார்க்கும் குடும்பம். அப்பா ஒரு காலத்தில் கூலிக்கு நின்றதும் அவர்கள் வயலில்தான். அவர் பேரம்கூடப் பேசவில்லையாம், கேட்டதைக் கொடுத்தாராம். ஏமாற்றியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று சண்டை போட்டேன். தங்கை அழுதாள். எனக்கு நகையே வேண்டாம், நிலம் போய் நான் கழுத்தில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றாள். அப்பா அவளைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நாளைக்கு அந்த வீட்டுல எவளாச்சும் 'ஒங்கப்பன் சொன்னது என்னாச்சு'ன்னு கேட்டா, நீதானத்தா தலகுனிஞ்சு நிக்கணும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பாதியாகச் சுருங்கிய என் பணமும் ஒருவழியாக வந்து சேர்ந்தது; ஒத்திப் பணத்தையும் சேர்த்துக் கல்யாணம் நன்றாகவே நடந்தது. பந்தியில் குறை இல்லை. முப்பது பவுனோடு தங்கை மேடையில் நின்றதைப் பார்த்து ஊரே மெச்சியது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மட்டும் கணக்குப் புரிந்திருக்க வேண்டும். என் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

நான் திரும்பிப் போனேன். ஒரு வருடத்தில் சம்பாதித்து நிலத்தைத் திருப்பிவிடுவேன் என்று விமானத்தில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். அங்கே எண்ணெயும் மாவும் விலை ஏறிக்கிடந்தன. பள்ளி நிர்வாகம் சம்பள உயர்வு அறிவித்தபோது ஆசிரியர் அறையில் எல்லோரும் கைதட்டினோம். ரூபாயாக மாற்றிப் பார்த்தால் அது என் பழைய சம்பளத்தைக்கூட எட்டவில்லை. என் பக்கத்து மேஜையில் இருந்த அந்த ஊர் ஆசிரியர் மதியச் சாப்பாடு கொண்டுவருவதையே நிறுத்திவிட்டார். பசிக்கவில்லை என்பார். எனக்காவது திரும்பி வர ஓர் ஊர் இருக்கிறது. அவர் எங்கே போவார் என்று நினைத்தால் என் சோறு இறங்காது. இருவரும் பங்கிட்டுச் சாப்பிட ஆரம்பித்தோம்.

போன லீவில் ஊருக்கு வந்தேன். காலையில் எழுந்தபோது அப்பா வீட்டில் இல்லை. அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், வயலுக்குப் போயிருக்கிறார் என்றார். எந்த வயலுக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்து போனேன். எங்கள் முக்கால் ஏக்கரில் கூலி ஆட்களோடு ஆளாக அப்பா களை வெட்டிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றிருந்த ஒத்திக்காரரின் மகன், என்னைவிட இளையவன், அந்த ஓரத்தில் விட்டுப்போனதையும் வெட்டச் சொன்னான். குரலில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்பா உடனே திரும்பி வெட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வாருங்கள் என்று அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

"வேற ஆளு வெட்டுனா வரப்பக் கெடுத்துருவான்பா. நீ திருப்பித் தர்ற வரைக்கும் நெலம் நல்லா இருக்கணும்ல" என்றார்.

நான் மண்வெட்டியிலிருந்து கையை எடுத்தேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும், வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே, இந்நேரம் நம் நிலத்தில் அப்பா யாருக்கோ களை வெட்டிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்துவிடுகிறது; அதைத் திருப்புகிற நாள்வரை அவர் உடம்பு தாங்க வேண்டுமே என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு இருக்கிற பயம்.